வீசி விட்ட மேல் ஸட்ஜம்

மேல் ஸட்ஜத்தைத் தொட்டுவிட்டு இறங்கும்போதுதான் அது நடந்தது.

ஆனந்தபைரவி ராகம். ஆலாபனை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மேலே போன குரலைக் கைப்பிடித்து மெதுவாகக் கீழே கூட்டிவர வேண்டும். சபாவில் அதுதான் முறை.

அவள் கூட்டிவரவில்லை. வீசி விட்டாள்.

நடவுப் பாட்டில் அடி முடிகிற இடத்தில் பெண்கள் குரலை உயரே வீசி, பிடிக்காமல் விட்டுவிடுவார்களே, அந்த வீச்சு. காற்றில் கொஞ்சம் ஆடிவிட்டுத் தானாக வந்து விழுந்தது.

அடக் கடவுளே.

முந்தாநாள் வரைக்கும் ஆலங்குடிப் பக்கம் திருவிழா. நடவும் கும்மியும் தெம்மாங்குமாகப் பாடித் தீர்த்த தொண்டை. அம்மா வயலில் பாடியவள், இவள் இசைக் கல்லூரியில் படித்தவள், இரண்டையும் விட மனசில்லாதவள். திருச்சி சபாவுக்கு வரும்போதெல்லாம் பஸ் கீரனூரைத் தாண்டும் நேரத்தில் அந்தப் பாட்டை இறக்கிவிட்டு இந்தப் பாட்டை ஏற்றிக்கொள்வாள். நேற்று பஸ்ஸில் நன்றாகத் தூங்கிவிட்டாள்.

வயலினில் வில் நின்றது.

ஆலாபனையில் பாடகி எதைப் பாடினாலும் வயலின் பின்னாலேயே வாங்கி வாசிக்க வேண்டும். வாங்குகிறவன் வைத்தமாநிதி. அவளைவிடப் பத்து வயது சின்னவன். மூன்று தலைமுறையாக வயலினே குலத்தொழிலான வீட்டுப் பிள்ளை. அவன் வில்லுக்குப் பிடிபடாத ராகப் பிடி இல்லை என்று ஊரே சொல்லும்.

அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு வாசித்தான்.

அவள் வீசியதை அல்ல. அந்த இடத்தில் எல்லாரும் பாடுகிற பிடியை. புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு மாதிரி பளிச்சென்று.

கூட்டம் மூச்சு விட்டது. முன்வரிசையில் சபா காரியதரிசி பத்ரியும் விட்டார்.

பாவம், அவர் போனிலேயே சொல்லியிருந்தார். "திருவிழாப் பாட்டெல்லாம் அங்கேயே வச்சுக்கோங்கோம்மா. இங்க சுத்தமா பாடிட்டேள்னா அடுத்த வருஷம் சாயந்தரக் கச்சேரியே தந்துடறேன்."

இத்தனை வருஷமாக மத்தியான வெயிலில் காலி நாற்காலிகளுக்குப் பாடுகிறவளுக்குச் சாயந்தரம் என்றால் சும்மாவா? சரி என்றுவிட்டாள்.

திருவிழா மேடையில் மட்டும் என்ன வாழ்ந்ததாம்! "என்னத்தா இது, ஆ ஆன்னு இழுத்துக்கிட்டே இருக்க, பாட்ட எப்பப் பாடுவ?" என்று முந்தாநாள் முன்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி கேட்டே விட்டாள். சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. அவளும் கூடச் சேர்ந்து சிரிக்க வேண்டியதாகிவிட்டது.

அங்கே போனால் இதைப் பாடாதே. இங்கே வந்தால் அதைப் பாடாதே. இருப்பதோ ஒரு தொண்டை.

வயலின் தம்பி நாசூக்காக வழி விட்டிருக்கிறான். தொண்டை கட்டிக்கொண்டது என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு வாய் வெந்நீர் குடித்துவிட்டு மேலே பாடினால் போதும். சாயந்தரம் கைக்கு வந்த மாதிரிதான்.

பிளாஸ்கைத் திறந்தாள்.

அப்போதுதான் கோபம் வந்தது. யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. கூப்பிடாமல், கெஞ்சாமல், தானாக வந்த பிடி அது. அதைப் போய்த் தொண்டைக்கட்டு என்பதா? வயலில் அம்மா பாடியதும் இதே ஆனந்தபைரவிதானே? நடுவில் வேலி போட்ட புண்ணியவான் யார்?

குடிக்காமலே பிளாஸ்கை மூடினாள்.

மறுபடியும் மேல் ஸட்ஜத்துக்குப் போனாள். நின்றாள்.

இந்த முறை தெரிந்தே வீசினாள்.

கேண்டீனுக்குக் கிளம்பிய ஒருவர் பாதி எழுந்தபடியே நின்றுவிட்டார். பத்ரி கைகளைக் கட்டிக்கொண்டார்.

வில் எழுந்தது.

இந்த முறை அவன் அவள் போட்டதையே பிடிக்கப் போனான். மேலே போனது சரி. விழ வேண்டிய இடத்தில் வழுக்கியது. மறுபடி முயன்றான். இன்னும் மோசமாக வந்தது. அந்த வீட்டு வயலின் தடுமாறி அங்கே யாரும் கேட்டதில்லை. முன்வரிசையில் இரண்டு தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

வைத்தமாநிதி வில்லை மடியில் வைத்துவிட்டான்.

போச்சு.

சாயந்தரம் போனால் போகட்டும். ஒரு நல்ல பிள்ளையை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்தாயிற்றே. இனி எந்த வயலின்காரர் பக்கத்தில் வந்து உட்காருவார்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா?

அவன் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தான். ஜமுக்காளத்தில் நகர்ந்து அவளுக்கு அருகே வந்தான். முன்னால் மைக் இருப்பதை மறந்தானோ, வேண்டுமென்றேதானோ, சொன்னது சபை முழுக்கக் கேட்டது.

"அக்கா, எனக்கு அது பிடிபடலை. இன்னொரு தடவை பாடுங்கோ. அங்க எப்படிப் பாடுவேளோ, அப்படியே."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் பாட முடியாது. விழுங்கினாள்.

பத்ரி பக்கம் பார்க்கவில்லை.

அம்மா வயலில் மைக் வைத்தா பாடினாள்? மைக்கை இரண்டு கைகளாலும் பிடித்து, ஒரு முழம் தள்ளி வைத்தாள்.