எதிரி விடுதலை

நடுவர் தீர்ப்புத் தாளைக் கையில் எடுத்தார்.

அவள் கூண்டின் கம்பியைப் பிடித்தாள்.

கடைசி பெஞ்சுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, அப்பா நின்றுகொண்டிருந்தார்.

நான்கு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்யப் போன வீட்டில் ஐந்து பவுன் சங்கிலி காணாமல் போனது. பெண்ணின் தாய்மாமன் பால்வண்ணம், இவள் மேல்தான் சந்தேகம் என்று எழுதிக் கொடுத்தார். போலீஸ் வந்து அழைத்துப் போனபோது அப்பா சொன்னது ஒன்றே ஒன்றுதான். நெருப்பில்லாமல் புகையாது.

அதோடு சரி. ஜாமீன் கையெழுத்துக்கு அத்தைதான் வந்தாள். அவர் ஒரு வாய்தாவுக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை. வீட்டில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதும் நின்றுபோனது.

இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீலம்மா நிறையச் சொல்லித் தந்திருந்தார். போலீஸ் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியே தீர வேண்டும் என்றில்லை. நிரூபிப்பது அவர்கள் பாடு. நிரூபிக்கும்வரை நீ நிரபராதி.

இந்தச் சட்டம் அப்பாமாருக்கும் பொருந்துமா என்று கேட்டாள். வக்கீலம்மா கட்டைப் புரட்டி அடுத்த வாய்தாத் தேதியைச் சொன்னார்.

நடுவர் கடகடவென்று வாசித்தார்.

"சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து, எதிரி குற்றவாளி அல்ல எனத் தீர்மானித்து, விடுதலை செய்து தீர்ப்பளிக்கிறேன்."

விடுதலை.

அவளுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. நாற்பத்தொரு வாய்தா. எல்லாம் முடிந்தது. வக்கீலம்மாவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். கூண்டுக்குள் நின்று சிரிக்கலாமா கூடாதா என்று யோசிக்கிற நிலையில் அவள் இல்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஐயா, இது என்ன நாயம்? எதிரிக்கா பலன்?"

அப்பா ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துகொண்டிருந்தார்.

கோர்ட்டில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். முதல் வாய்தாவில் அவளுக்கே அது தெரியாது. எதிரி வந்தாச்சா என்று, வாசலில் பெயர் கூப்பிடுகிற டவாலி கேட்டபோது பால்வண்ணத்தைத்தான் தேடினாள். நாலு வருடம் நடந்தவளுக்கு இப்போது எல்லாம் அத்துப்படி. இன்றைக்கு வந்து நிற்பவருக்கு என்ன தெரியும்? பால்வண்ணத்தைத்தான் விட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார்.

அப்படியென்றால், அவருக்கு எதிரி பால்வண்ணமா?

அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. தீர்ப்பு வாசிக்கும்போதுகூட இப்படி அடிக்கவில்லை.

டவாலி ஓடிவந்து தோளைப் பிடித்தார். அப்பா உதறினார்.

"எம் புள்ள அந்தச் சங்கிலியத் தொட்டிருக்கவே மாட்டா. எனக்குத் தெரியும்யா. நாலு வருசமாத் தெரியும்."

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். வக்கீலம்மாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, விஷயத்தை விளக்கிச் சொல்ல அவர் பக்கம் கிளம்பினார்.

அவள் கூண்டிலிருந்தே எட்டி, அந்தக் கறுப்புக் கோட்டின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அப்பா இன்னும் பேசி முடிக்கவில்லை.