ஒரே ஒரு முத்திரை

“டொக்... டொக்...”

கயோகோவின் மேசைக்கடியில் அவள் மகன், மூன்று வயது தாய்ச்சி, மரக்கட்டைகளை அடுக்கித் தட்டிக்கொண்டிருந்தான். கணினித் திரையில் அலுவலகக் கூட்டத்துக்கு வந்திருந்த ஆறு முகங்களும் அவளையே முறைப்பதுபோல் இருந்தது.

“மன்னிக்கணும், மன்னிக்கணும்” என்று திரையைப் பார்த்து மூன்று தரம் குனிந்தாள். குனிந்த வாக்கிலேயே கட்டைகளைப் பிடுங்கி மடியில் ஒளித்துக்கொண்டாள்.

அவள் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். கொரோனா நேரத்தில் குழந்தைகள் காப்பகத்தை மூடுவதா, திறந்து வைப்பதா என்று ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது. கடைசியில் நகராட்சி ஒரு வழி சொன்னது: ‘பிள்ளையை வைத்துக்கொண்டு இவரால் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியாது’ என்று அலுவலகம் முத்திரை குத்திக் கொடுத்தால், அந்தப் பிள்ளை மட்டும் வரலாம். கடிதம் கொடுக்க இன்று மாலை ஐந்து மணி வரைதான் கெடு.

அலுவலகத்தில் மரியாதையாக ‘ஹோசாகா-சான்’ என்று அழைக்கப்படும் கயோகோவின் வேலை ஆஸ்பத்திரிகளிடம் தொலைபேசியில் கேட்டுத் துணிமணி அனுப்பிவைப்பது. போன வாரம் தாய்ச்சி கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறிய அலறலில், இருநூறு படுக்கை விரிப்பு என்றது அவள் கையில் இருபது ஆகிவிட்டது. இன்னொரு தப்பு வந்தால் வேலை போய்விடும்.

“ஒரே ஒரு முத்திரை சார். நானே சைக்கிள்ல வந்து உங்க வாசல்ல நின்னு வாங்கிக்கறேன்.”

பிரிவுத் தலைவர் தோகாஷி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். தன் அறை தெரியாமல் முதுகுக்குப் பின்னால் ஒரு நீலக் கடல் படத்தைப் போட்டிருந்தார்.

“நீங்க அனுப்பின கடிதம் எனக்குப் பின்னால மேசை மேலதான் கிடக்கு, ஹோசாகா-சான். ஆனா என் முத்திரை அதுல விழாது. காப்பகத்து டீச்சருங்களும் மனுஷங்கதானே? ஊரார் பிள்ளைங்க மூக்கைத் துடைச்சுவிட்டு அவங்க சீக்கை வாங்கிக்கணுமா?”

அந்த டீச்சர்களைக் கயோகோவுக்குத் தெரியும். தாய்ச்சிக்கு முதன்முதலில் செருப்பு மாட்டக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

“நீங்க சொல்றது நியாயந்தான் சார். ஆனா இருநூறு இருபதாயிடுச்சே...”

“எல்லாம் பழக்கறதுல இருக்கு. என் மனைவி மருந்துக்கடைக்குப் போயிடறா. நாலு வயசு கோஹரு என்கூடத்தான் இருக்கா. தாளும் கலர் பென்சிலும் கொடுத்துப் பின்னால உக்கார வெச்சிருக்கேன். காலையிலேருந்து ‘அப்பா’ன்னு ஒரு வார்த்தை? ம்ஹூம்!”

“சத்தமே போடாத பிள்ளைய நம்பாதீங்க சார்” என்றாள் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் இவாசே. நாலு பிள்ளை பெற்றவள், அடுத்த வருஷம் ஓய்வு. யாருக்கும் பயப்பட மாட்டாள்.

“டொக்.”

“பாருங்க! ஹோசாகா-சான், முதல்ல உங்க மைக்கை அணைங்க.”

கயோகோ அணைத்தாள். அணைத்ததும் நல்லதாயிற்று. கட்டையைக் கேட்டுத் தாய்ச்சி வீறிட்ட வீறலுக்குக் கூரை பிய்ந்திருக்கும். ஒரு அரிசி அப்பளத்தை எடுத்து அவன் வாயில் திணித்தாள். அழுகை நறுக்நறுக்கென்று மாறியது.

தோகாஷி அடுத்த வேலைக்குப் போனார். போன மாதக் கூட்டக் குறிப்பில் முத்திரை குத்த வேண்டும். முத்திரைக்கட்டையையும் சிவப்பு மைப்பெட்டியையும் தேடி மேசை மேல் கையால் துழாவினார். இழுப்பறையைத் திறந்து பார்த்தார்.

“இங்கதானே வெச்சேன்... சரி, அப்புறம் குத்திக்கறேன்.”

“டொக். டொக். டொக்.”

“ஹோசாகா-சான்! ஒரு பிள்ளைய அடக்க முடியாதா உங்களால?”

கயோகோ பழக்கதோஷத்தில் ‘மன்னிக்கணும்’ என்று மறுபடி குனிந்தாள். பாதி குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கட்டைகள் ஒன்று விடாமல் அவள் மடியில் இருந்தன. தாய்ச்சி இரண்டு கையாலும் அப்பளத்தைப் பிடித்துக் கொறித்துக்கொண்டிருந்தான்.

“சார்” என்றாள் இவாசே நிதானமாக. “அவ மைக்தான் அணைஞ்சு கிடக்கே. பாவம், வாய் அசையுது, சத்தமே வரல. அப்ப தட்டறது யாரு?”

எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

“டொக்.”

தோகாஷி மெல்லத் திரும்பினார். “கோஹரு...?” என்றபடி எழுந்து கடலுக்குள் மறைந்தார். திரையில் வெறும் நீலம். அதற்குள்ளிருந்து ஒரு கிளிக்குரல் மட்டும் கேட்டது:

“அப்பா, இடமெல்லாம் தீந்துபோச்சு!”

அவர் திரும்பி வந்தபோது இடுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தது. அதன் பிஞ்சுக் கைகள் மணிக்கட்டு வரை செக்கச்செவேலென்று இருந்தன. கயோகோ பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தையோ பரிசு வாங்கிய மாதிரி எல்லோரையும் பார்த்துச் சிரித்தது.

தோகாஷி ஒரு தாளைத் திரைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். இந்த முறை குனிந்தது அவர்.

“நீங்க கேட்டது ஒண்ணுதான், ஹோசாகா-சான்... பதினேழு விழுந்திருக்கு.”