கைராசி

சாப்பாட்டு மேசை முழுக்கப் பிள்ளைகள் சேர்க்கும் படக் கார்டுகள். எதிரெதிரே இரண்டு மருமகள்கள். மொத்தமாக வாங்கிப் பிரித்து விற்கும் இந்த வியாபாரத்தைச் சின்னவள் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பெரியவள் உதவிக்கு உட்கார்ந்து, ஒரு பெட்டியைப் பிரித்து, மலிவு விலைக்குப் போகும் சாதாக் கார்டுகளை நூறு நூறாக ரப்பர் பேண்டு போட்டு அடுக்குகிறாள். கூடத்தில் மாமியார் யாரிடமோ போனில், "சின்னவ மூளைய பாரேன்" என்பது மின்விசிறிச் சத்தத்தைத் தாண்டி வந்து விழுகிறது. பதினெட்டு வருடமாக இந்த வீட்டுக்குச் சமைத்துப் போடுகிறவளுக்கு மூளை இருப்பதாக இதுவரை யாரும் போன் செய்து சொன்னதில்லை. விரலிடையே ஒரு கார்டு மினுங்குகிறது. பொன் சிறகு விரித்த டிராகன். ஜன்னல் வெயில் பட்டு, சுவரில் ஒரு வெளிச்சத் துண்டு நடுங்குகிறது. இப்படி ஒன்று சிக்கினாலே போட்ட முதல் வந்துவிடும் என்று சின்னவள் காலையில்தான் சொன்னாள். "இந்தப் பெட்டிய நீங்கதான் பிரிக்கணும்னு எடுத்து வச்சிருந்தேன்க்கா. உங்க கைராசி அப்படி. ஏதாவது தேறுதா?" சின்னவள் தலை நிமிராமல்தான் கேட்கிறாள். பெரியவள் டிராகனைக் கவிழ்த்துக் கட்டின் நடுவில் செருகுகிறாள். சுவர் வெளிச்சம் அணைகிறது. "எல்லாம் சாதாதான்டி" என்கிறாள். ரப்பர் பேண்டை இன்னொரு சுற்றும் சுற்றுகிறாள்.