தாரிணிக்காக ஒரு சர்வோ

பிரேக்கை லேசாக மிதித்தாலே பிடிக்கவைக்கும் சர்வோவை வைத்தே ஆகவேண்டும் என்று சுதர்சன் பிடிவாதமாக நின்றான். நார்த்மீட்டில் இருக்கும் தன் வீட்டு கராஜில் மூன்று வருடமாகத் தன் கையாலேயே பூட்டிய கார் அது. இன்று முடிவு செய்தால்தான் அடுத்த வாரம், காரை ரோட்டில் ஓட்டச் சான்று தரும் இன்ஜினியர் வந்து சோதிக்க முடியும்.

"அறுநூறு கிலோ காருக்கு எதுக்குடா?" என்றான் நண்பன் கிளமெண்ட். "கால் பலம் பத்தாதவங்களுக்குத்தான் சர்வோ. இதுல வைக்க இடமே இல்ல, பானெட்டை வெட்டணும்."

"தாரிணியும் ஓட்டுவா. அவளால அழுத்த முடியாது." சுதர்சனின் விரல்கள் ஸ்பேனரை உருட்டிக்கொண்டே இருந்தன.

"அளந்து பாத்துட்டாப் போச்சு."

கிளமெண்ட் பாத்ரூமிலிருந்த எடை மெஷினைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தான். கராஜ் வாசலில் நின்றிருந்த சுதர்சனின் மனைவி தாரிணி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலால் அதை மிதித்தாள். ஐம்பத்தெட்டு கிலோ.

"உன் பொண்டாட்டி லாரியையே நிறுத்திடுவாங்கடா! இப்ப நீ மிதி."

சுதர்சன் அசையவில்லை.

"அவர் எதுக்கு?" தாரிணி சட்டென்று மெஷினை எடுத்துக்கொண்டாள். "ஒரு தடவை மிதிச்சதுக்கே எனக்கு முட்டி விண்ணுங்குது. சர்வோவே போட்டுடுங்க, கிளமெண்ட்."

கிளமெண்ட் தலையில் அடித்துக்கொண்டு, ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனான்.

தாரிணி மெஷினைப் பாத்ரூமில் வைத்துவிட்டு வந்தாள்.

"முட்டி ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டான் சுதர்சன்.

"எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள் தாரிணி. "நான் பாக்கலைன்னு நெனச்சு, நாலு மாசமா மாடிப்படியில வலது காலைக் கையால தூக்கித் தூக்கி வைக்கிறீங்க. டாக்டர் என்ன சொன்னார்?"