சாம்பல் மாட்டிக்கொண்ட பேட்ஜ்

“ஒருத்தன் கத்த ஆரம்பிச்சா, அப்புறம்…” என்று நீலம் பெரியப்பா ஏதோ சொல்வார். மிச்சம் சாம்பலுக்கு மறந்துவிட்டது.

ஒரு இணையப் பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்பில், பொத்தானுக்கு நிறம் கொடுக்கும் விதிகள் அவர்கள். பலம் சமமாக இருந்தால் கடைசியாக வந்த விதிதான் செல்லும். சாம்பல் வந்த அன்றே நீலம் பேசாமல் மறைந்துபோனார். அதைப் பார்த்துப் பயந்துதான், பின்னால் வரும் சாதாரண விதி எதுவும் வெல்ல முடியாத ‘முக்கியம்’ என்ற பேட்ஜைச் சாம்பல் மாட்டிக்கொண்டான்.

இப்போது அவனுக்குக் கீழே புது விதியாகக் கறுப்பு வந்து நின்றான்.

“அண்ணே, கொஞ்சம் விடுங்க. உங்க மங்கல் நிறத்துல பொத்தானே தெரியாம இந்தப் பக்கத்துக்கு வந்த ஒரு அம்மா தவிக்கிறாங்க.”

“இந்த பேட்ஜ் இருக்கிறவரைக்கும் உன் பேச்சு எடுபடாதுடா.”

“அப்ப நானும் ஒண்ணு மாட்டிக்கவா? எனக்குப் பின்னாடி வர்றவனும் மாட்டிக்குவான். அப்புறம் எல்லாருமே கத்த வேண்டியதுதான்.”

கோப்பில் தனக்கு மேலே, யார் கண்ணிலும் படாத நீலத்தின் வரியைச் சாம்பல் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பிறகு பேட்ஜைக் கழற்றினான்.