கோடாலிக் காத்து

"இந்தக் கதவைப் புயல் பிடுங்கினது எண்டால் ஆரக்கா நம்புவினம்?"

கிராம சேவகர் சிவரூபி கதவு நிலையைத் தடவிப் பார்த்துக் கேட்டா. நிலை முழுக்கக் கோடாலிக் கொத்து. புயல் வெள்ளத்தில சேதமான வீடுகளைப் பதிய, துறைமுகக் கரையோர ஒழுங்கைக்கு நானும் உதவிக்கு அவவோட போனனான்.

"கதவு எங்க?"

"வெள்ளத்தோட போயிட்டுது, பிள்ளை," எண்டா வீட்டுக்கார இலட்சுமியக்கா.

"உண்மையச் சொல்லுங்கோ. ஆர் கொத்தினது?"

"நான்தான்."

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. "நல்ல காலம், காத்து கோடாலியோட வந்தது எண்டு சொல்லேல்லை!" எண்டு நானும் ஒரு நக்கல் கதை விட்டன்.

சிவரூபி படிவத்தை நீட்டினா. "இதில என்ன போட்டிருக்கு? அனர்த்தம். அதெண்டால் மனுசரால தடுக்க ஏலாதது. நீங்களாக் கொத்திப்போட்டு நிவாரணம் கேட்டால் அதுக்குப் பேர் அனர்த்தமில்லை அக்கா, களவு!"

அக்காவின்ர முகம் கறுத்துப்போச்சு. கதவு இருந்த இடத்தில ஒரு சேலை தொங்கிச்சுது.

"வயசுக்கு வந்த குமர்ப்பிள்ளையோட இருக்கிறன். வேற ஒண்டும் வேண்டாம், ஒரு கதவு மட்டும் தாங்கோ."

"ஏலாது."

சிவரூபி படிவத்தில அக்காவின்ர பேரை வெட்டிப்போட்டு விறுவிறெண்டு நடந்தா. "இப்பிடியான ஆக்களாலதான் உண்மையாப் பாதிக்கப்பட்ட சனத்துக்கு ஒண்டும் கிடைக்கிறேல்லை," எண்டு நானும் ஒத்து ஊதினன்.

அடுத்த வளவில வீடெண்டு சொல்ல நாலு கல்லுத்தான் மிச்சம். கைக்குழந்தையோட றிஷானா நிண்டா.

"உயிர்ச்சேதம்?" சிவரூபி தயங்கித் தயங்கிக் கேட்டா.

"அல்ஹம்துலில்லாஹ், ஒண்டுமில்ல மிஸ். கழுத்தளவு தண்ணி. எனக்கு நீந்தவும் தெரியா. மூணு புள்ளைகளையும் வெச்சிக்கிட்டுக் கத்தினன். பக்கத்து வீட்டு இலட்சுமியக்காதான் அவட கதவக் கொத்திக் கழட்டி, புள்ளைகள அதுல ஏத்தி, என்னையும் புடிச்சிக்கச் சொல்லி, மாடி வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனா. அவ இல்லாட்டி எங்கட மையித்துத்தான் மிதந்திருக்கும் மிஸ்!"

சிவரூபி படிவத்தை மடிச்சா.

ரெண்டு பேரும் திரும்பி ஓடினம். "அக்கா, இதை ஏனக்கா சொல்லேல்லை?" எண்டு சிவரூபி கேட்டா.

வாசலில தொங்கின சேலையை இழுத்துக் கட்டிக்கொண்டே அக்கா சொன்னா:

"ஆர் கொத்தினது எண்டுதானே பிள்ளை கேட்டனீங்கள்? ஏன் எண்டு கேக்கேல்லையே."