ஏசி நன்றாக ஓடுகிறது

மனநல மருத்துவரின் வரவேற்பறையில் மாலை வெயில் திரைச்சீலைக்குக் கீழே நுழைந்து, நாற்காலிகளின் கால்களில் மட்டும் படிந்திருக்கிறது. சுவரின் மேலே ஏசி சத்தமில்லாமல் ஓடுகிறது. அதைப் பழுது பார்த்த மெக்கானிக், தோளில் கருவிப் பையோடு வாசலிலேயே நிற்கிறார். போன வாரமும் இப்படித்தான் வந்து நின்றார். பையைப் பார்த்ததுமே வரவேற்பு மேசைப் பெண், "ஏசிக்கா அண்ணே? வாங்க, ஒரே கரகரப்பு" என்றாள். அவரும் மறுபேச்சில்லாமல் ஸ்டூல் போட்டு ஏறி, ஏசியின் தூசி வலையைக் கழுவி மாட்டிவிட்டு, வந்த காரியத்தை வாய்விட்டுச் சொல்லாமலே திரும்பிவிட்டார். தூக்கம் வராத இரவும், காரணமில்லாமல் படபடக்கும் நெஞ்சும் அவரோடேயே வீட்டுக்கு வந்தன. இன்று மனைவியும் கூட வந்திருக்கிறாள். "பைய வீட்லயே வைங்கன்னு சொன்னேன், கேட்டீங்களா? இன்னைக்கு ஸ்டூல்ல ஏறினீங்க, கால புடிச்சு இழுத்துடுவேன்" என்று காதோரம் முணுமுணுக்கிறாள். அவருக்குச் சிரிப்பு வருகிறது. விரல்கள் மட்டும் பை வாரை விடவில்லை. மேசைப் பெண் நிமிர்ந்து பார்க்கிறாள். "என்னண்ணே, அது இப்ப நல்லாத்தானே ஓடுது?" அவர் அண்ணாந்து பார்க்கிறார். அந்தக் காற்றில் மேசைமேல் கிடக்கும் தாளின் ஒரு மூலை எழுந்து எழுந்து படிகிறது. "அது நல்லாத்தாம்மா ஓடுது" என்கிறார். "எனக்குத்தான் முடியல. டாக்டரப் பாக்கணும்." மேசைப் பெண் பதிவேட்டைத் தன் பக்கம் இழுக்கிறாள். பிறகு, தாழ்ந்த குரலில், "உக்காருங்கண்ணே, கூப்பிடுறேன்" என்கிறாள். அவர் பையைத் தோளிலிருந்து இறக்குகிறார். மனைவி நாற்காலியில் உட்கார்ந்து அதை மடியில் வாங்கிக்கொள்கிறாள்.